பந்து உருளாத நிலம்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கொஞ்ச காலம் திருச்சியில் நில அளவைக்குச் சங்கிலி பிடித்தேன். அதற்கு முன்பு முசிறியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தேன்; அதற்கும் முன்பு செய்தவை எல்லாம் இப்போது வரிசையாக நினைவில் இல்லை. சங்கிலி வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். காலையில் நின்ற இடத்தில் மாலையில் நிற்க வேண்டியதில்லை.

அந்த வருடம் ஒரு கல்லூரிக்காரர்கள் கால்பந்து ஸ்டேடியம் கட்ட இடம் தேடினார்கள். பல்கலைக்கழகப் போட்டிகளை இங்கேயே நடத்த வேண்டும், சுற்றிலும் கேலரி வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. இடம் பார்க்க மூன்று பேர் வந்தார்கள்: கல்லூரியின் டிரில் மாஸ்டர், ஒரு இன்ஜினியர், காகிதக் கட்டைச் சுமக்கும் ஒரு குமாஸ்தா. சங்கிலியைச் சுமந்தது நான்.

டிரில் மாஸ்டர் போகிற இடத்திலெல்லாம் ஒரு பந்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்துப் பார்ப்பார். ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பந்து உருண்டுபோய் வாய்க்காலில் விழுந்தது. தோட்டத்துக்காரர் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். "பெருமாள் அமுதுபடிக்கு விட்ட பூமி ஸ்வாமி. இதைத் தூக்கிக் கொடுக்க அடியேன் யார்?" என்று கைகூப்பி அனுப்பிவிட்டார். காவிரிப் படுகையில் காட்டிய இடத்தில் பந்து உருளவில்லை, மணலில் புதைந்தது.

மூன்றாவது இடம் நகரத்துக்குத் தெற்கே. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தோம். அங்கே பந்தை வைத்ததும் அது பசை போட்டு ஒட்டியதுபோல நின்றது. மாஸ்டர் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். நாலிலும் நின்றது.

"இழைப்புளி போட்டு இழைச்ச மாதிரி இருக்கேய்யா!" என்றார்.

அந்தச் சமதரையை வளைத்துக்கொண்டு மூன்று பக்கமும் ஒரு மண்மேடு, ஒன்றரை ஆள் உயரத்துக்கு. ஒரு இடத்தில் மட்டும் இருபதடிக்கு அறுந்து கிடந்தது. இன்ஜினியர் அதன் மேல் ஏறி நின்றார். "கேலரி ரெடியா இருக்கு சார். படி வெட்ட வேண்டியதுதான். அந்தச் சந்தை அடைச்சிட்டா ஒரே வளைவா வந்துடும்."

நான் பிறந்தது உப்பிலியபுரத்துப் பக்கம், பச்சைமலை அடிவாரம். எங்கள் சீமையில் நிலம் அவ்வளவு தட்டையாக ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். தண்ணீர் வருஷக்கணக்காக நின்று வண்டலை இறக்கிவிட்டுப் போன இடம்.

குமாஸ்தாவிடம் கேட்டேன். "இந்த இடத்துக்குக் காகிதத்துல என்னன்னு போட்டிருக்குங்க?"

"உள்வாய்னு போட்டிருக்கு."

"அப்ப ஏரிதானுங்களே? ஏரிக்குள்ள தண்ணி நிக்கிற இடத்தைத்தான் உள்வாய்ம்பாங்க."

"அது இந்த இடத்தோட பேருப்பா. உங்க ஊருக்குக்கூடத்தான் உப்பிலியபுரம்னு பேரு. உப்பே போடாமயா சாப்பிடுறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இன்ஜினியரிடம் போய் நின்றேன். "சார், இது ஏரிக்கரை சார். அது உடைப்பு. உடைஞ்சதாலதான் தண்ணி நிக்கல. அடைச்சா நிக்கும்."

அவர் காலால் தரையைத் தட்டினார். புழுதி பறந்தது. "தண்ணி எங்கப்பா இருக்கு?"

"சங்கிலியை எங்கிட்ட குடுத்துட்டு நீ இன்ஜினியரா வந்துடேன்" என்றார் குமாஸ்தா.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "சங்கிலியை இழு" என்றார். இழுத்தேன்.

உள்வாய்க்குள் ஒரு குடிசை இருந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், ஏழெட்டு ஆடுகள். அவர் அங்கே கம்பு விதைத்துக்கொண்டிருந்தார். அவரைக் காலி செய்யச் சொல்லாமல் மைதானத்துக்குக் காவல்காரராகவே வைத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். கேலரி மண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது, ஆடுகூட ஏறக் கூடாது என்பது உத்தரவு. குடிசை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு நாள் தனியாகப் போய் அவரிடம் சொன்னேன். "அண்ணே, உடைப்பை அடைக்கப் போறாங்க. மழை பெஞ்சா உங்க குடிசைதான் முதல்ல முழுகும்."

அவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பினார். "இது ஏரின்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்கப்பா காலத்துல உடைஞ்சது."

"தெரிஞ்சுமா சொல்லாம இருக்கீங்க?"

"சொன்னா இடம் வேண்டாம்னு போயிடுவாங்க. எங்க வம்சத்துல மாசச் சம்பளம் வாங்கினவன் யாரு இருக்கான்? நீங்க சங்கிலியைச் சுருட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவீங்க. சும்மா இருங்க தம்பி."

அவர் மனைவி கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். மறுபடி புடைத்தாள்.

புரட்டாசியில் உடைப்பை அடைத்தார்கள். பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்தார்கள். மண்ணை இடித்து இறுக்கி மேலே சிமெண்டுப் படி வைத்தார்கள். கோல் கம்பங்களும் நட்டாயிற்று. தேங்காய் உடைத்த அன்று காவல்காரர் காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். எனக்கு அங்கே வேலை முடிந்தது. முசிறிக்குத் திரும்பி மறுபடி தார் தூக்கினேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை லாரி வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து தெற்கே போகும் வண்டி பாதியில் நின்றுவிட்டது. மிச்ச தூரம் நடந்தேன். நண்பகல், ஆனால் வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

மைதானம் இல்லை. ஏரி இருந்தது. கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. சற்றுத் தள்ளிக் குடிசையின் கூரை உச்சி. கரையின் மேல் அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் நாலு பேரும் ஆடுகளோடு நின்றார்கள். காவல்காரர் கையில் மண்வெட்டி இருந்தது. தண்ணீர் கரை மட்டத்துக்கு ஒரு சாண் குறைவு.

"வெட்டி விடுங்கண்ணே. அடைச்ச இடத்துக்குக் கீழ வெறும் முள்ளுக்காடுதான்."

"காவலுக்கு வச்ச ஆளே வெட்டினா என்னங்க பேரு அதுக்கு?"

"தானா உடைஞ்சா எங்க உடையும்னு தெரியுமா? வடக்குக் கோடிக்குக் கீழ வீடுங்க இருக்கு. நீங்க நிக்கிற இடமே கூடப் போகலாம்."

"தெரியும்" என்றார். ஆனால் அசையவில்லை. மண்வெட்டிக் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவர் மனைவி அதைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க. இவரு சட்டையைப் பாத்துக்கிட்டே பிள்ளைங்களைக் கொன்னுடுவாரு."

அவர்களை ஆடுகளோடு தெற்குக் கோடிக்கு ஓடச் சொன்னேன். அவர் மட்டும் போகவில்லை. படிக்குப் பக்கத்தில் புது மண்ணில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டினேன். பத்து வெட்டுக்கு மேல் எனக்கு வேலை இருக்கவில்லை. தண்ணீர் தானே அறுத்துக்கொண்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு இருவரும் ஓடினோம். பின்னால் சிமெண்டுப் படிகள் ஒவ்வொன்றாகச் சரிந்த சத்தம் கேட்டது; திரும்பிப் பார்க்கவில்லை.

மூச்சு வாங்க நின்ற பிறகு அவர் சொன்னார். "நீங்க கிளம்புங்க தம்பி. கேட்டா, ஆட்டைத் தேடிப் போயிருந்தேன், யாரு வெட்டினான்னு தெரியலன்னு சொல்லிக்கிறேன்."

"வேலை போயிடுமேண்ணே."

"போயிடுச்சு" என்றார்.