என் வலப்பக்கம் நின்றவள்

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவர்கள் நாலு பேர். அதில் நான்தான் மூத்தவள். நான் எடுக்கிற இடத்தில்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருஷம் ஜனவரியில் ஐந்தாவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். எங்கள் பள்ளிக்கே மாற்றலாகி வந்த தையல் டீச்சர். முப்பது வயதிருக்கும். நடக்க முடியாத அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்தாள். பேச்சுக் கொடுத்தால் சம்பந்தமில்லாமல் "ஆமாக்கா" என்று சிரிப்பாள். பெரிய கள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு வந்தால் நேராக என் வலப்பக்கம் வந்து நிற்பாள். வேறு யாராவது நின்றால்கூடக் கெஞ்சி இடம் வாங்கிவிடுவாள். பாடும்போது புத்தகத்தைப் பார்க்க மாட்டாள், என் வாயையே பார்ப்பாள். இடைவேளையில் சின்ன நோட்டு ஒன்றில் ஏதோ எழுதுவாள். நான் எட்டிப் பார்த்தால் மூடிவிடுவாள். சனிக்கிழமை மத்தியானம் பயிற்சி முடிந்ததும் தனியாகக் குற்றாலம் பஸ் ஏறுவாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

என் இடத்தைப் பிடிக்கத்தான் இவ்வளவும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியபின் எதைப் பார்த்தாலும் அப்படியே இருந்தது.

ஈஸ்டருக்கென்று எங்கள் கொயர் மாஸ்டர் ஒரு புதுப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டிருந்தார். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லித்தான் பழக்கினார். ஆனால் ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறன்று பக்கத்து ஊர்க் கோயிலில் அதே பாட்டைப் பாடிவிட்டார்கள். எங்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த பயிற்சியில் நான் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் போய் மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சார், அந்தத் தையல் டீச்சர் எப்பவும் நோட்டுல எழுதுதா. எனக்கு அவ மேலதான் சந்தேகம். பின் வரிசைக் கடைசிக்கு அவளைத் தள்ளிருங்க."

அவர் தயங்கினார். ஆனால் நான் மூத்தவள், என் பேச்சைத் தட்டவில்லை.

ஈஸ்டர் ஆராதனையில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எல்லாரும் நிறுத்த வேண்டிய இடத்தில் அவள் குரல் மட்டும் தனியாக எழுந்தது. சுருதியும் சேரவில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவள் அப்புறம் வாயையே திறக்கவில்லை. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு திருப்தி.

அவள் குழுவைவிட்டு நிற்கவில்லை. கடைசியிலேயே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைப் பயணமும் நிற்கவில்லை. யாரிடம் போய்ப் பாட்டைக் கொடுக்கிறாள் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, சாரல் ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை நானும் அதே பஸ்ஸில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

ஐந்தருவியில் தண்ணீர் நல்ல வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. குளிக்கிற கூட்டத்தைத் தாண்டி, ஒரு பாறையில் போய் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாய் திறந்து பாட ஆரம்பித்தாள். பக்கத்தில் போன பிறகுதான் எனக்கே கேட்டது. நாங்கள் அப்போது பழகிக்கொண்டிருந்த பாட்டு. சில இடம் சரி, சில இடம் கண்டபடி போனது. நான் மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. அருவிச் சத்தம் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து ரோட்டுக்கு வந்தாள். நான் பின்னாலேயே வந்தேன். அங்கே அருவிச் சத்தம் குறைவு. வளைவில் ஒரு குதிரை வண்டி வேகமாக வந்தது. வண்டிக்காரர் மணியை அடித்து, "ஏ, ஒதுங்கும்மா!" என்று கத்துகிறார். அவள் நடுரோட்டில் அப்படியே போகிறாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஓரத்துச் சேற்றில் விழுந்தோம். நோட்டும் விழுந்து விரிந்தது.

பக்கம் பக்கமாக எங்கள் பாட்டுகள்தான். வரிகளுக்கு நடுவே சிவப்பு மையில் சின்னச் சின்னக் குறிப்புகள். 'அக்கா இங்கே மூச்சு எடுப்பார்கள்.' 'அக்கா வாய் பெரிதாகத் திறக்கும்.' 'அக்கா தலை அசைத்ததும் ஆரம்பி.'

நோட்டை எடுத்துச் சேற்றைத் துடைத்து அவளிடம் நீட்டினேன். அவளே சொன்னாள்.

"வலது காது சுத்தமா போச்சுக்கா. இடது காதும் போய்க்கிட்டிருக்கு. நீங்க இடது பக்கம் நின்னா கொஞ்சம் கேக்கும். வீட்டுல பாடினா எவ்வளவு சத்தமா பாடுதேன்னு எனக்கே தெரியல, அக்கம்பக்கத்துல சிரிக்காங்க. இங்கனன்னா யாருக்கும் யாரு பேச்சும் கேக்காது. எல்லாரும் என்னைய மாதிரிதான்."

திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி, தள்ளி நிற்க வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய வலது பக்கம்.

அடுத்த வாரம் கொயர் மாஸ்டரிடம் போய் அவளை என் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அந்த ஈஸ்டர் பாட்டை நான்தான் டீச்சர், பக்கத்து ஊர்க் கோயில்ல பாடுற என் மச்சானுக்குக் கொடுத்தேன். பாக்கணும்னு கேட்டான். இப்படிப் பாடிருவான்னு நினைக்கல. அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு." அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அன்றே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தெரியும்க்கா. அன்னைக்கு ஆர்மோனியத்துக்கிட்ட நீங்க பேசும்போதே உங்க வாயைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பின்ன ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா காது விஷயத்தையும் சொல்லணும்லா. வேலை போச்சுன்னா அம்மாவுக்கு யாரு?"

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் அவள் என் வலப்பக்கம் நின்றாள். ஆரம்பிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவள் கையை லேசாக அழுத்தினேன். ஒரு இடத்திலும் தவறவில்லை. பொங்கல் லீவு முடிந்ததும் இரண்டு பேருமாகத் தலைமையாசிரியையிடம் போய் உள்ளதைச் சொன்னோம். "தையலுக்குக் கண்ணும் கையும் போதும், போய் வகுப்பைப் பாருங்க" என்று அவர் முடித்துவிட்டார்.

அரை நிமிஷத்தில் அவளிடமே கேட்டிருக்கக்கூடியதை அரை வருஷம் ஒளிந்து ஒளிந்து தேடியிருக்கிறேனே என்பது, இந்த வயதிலும் யார் மேலாவது சந்தேகம் எழும்போதெல்லாம் என்னை நேராக அவர்கள் முன்னால் போய் நிற்க வைக்கிறது.