ஈரம் விடாத மெஷின்

கூட்டித் துடைக்கிற ரோபோ ஒன்று வாங்க ஸ்காபரோவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். விலை கூடிய இரண்டை ஓடவிட்டுக் காட்டினார்கள். எனக்குப் பக்கத்தில், அறுபது வயதிருக்கும் ஒரு அன்ரி குளிர் ஜக்கெற்றைக் கழற்றாமலே நின்றார். மெஷின் கடந்துபோகிற ஒவ்வொரு தடவையும் குனிந்து, உள்ளங்கையைத் தரையில் அழுத்திப் பார்த்தார். உடனே ஃபோனையும் பார்த்தார்.

"இது நல்லாத் துடைக்குது, அன்ரி," என்றேன்.

"ஓம், ஆனால் ஈரத்தை விடுது பிள்ளை. என்ரை மனுசனுக்கு மறதி வருத்தம். ஒரு இடத்திலை இருக்கமாட்டார், வெறுங்காலோடை நடந்துகொண்டே இருப்பார். போன மாசம் நான் துடைச்ச தரையிலைதான் வழுக்கி விழுந்தவர்."

மற்றதும் ஈரம் விட்டது. மகள் வேலைக்குப் போனால் மனுசன் தனிய நிற்பார் என்று அவசரமாகப் புறப்பட்டவர், வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்.

"உங்கடை வீட்டிலை உப்பிடி ஆரும் இருக்கினமோ?"

"இல்லை, அன்ரி."

"அப்ப நீங்கள் முதல் ஓடினதை வாங்குங்கோ. நல்ல மெஷின்."

அதைத்தான் வாங்கினேன். தரை பளபளக்கிறது. ஆனால் அது ஓடும்போதெல்லாம், அந்த அன்ரி இன்னும் ஏதோவொரு கடையில் தேடிக்கொண்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.