யாளி தூங்கிய அத்தியாயம்

ஒருவர் எழுதிய நாவலின் கடைசி அத்தியாயத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நானே ஒரு முடிவை எழுதிச் சேர்த்தேன். அவர் கேட்டபோது பொய் சொன்னேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மேலாளராக இருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் புத்தக வேலை வந்தால் பிழை திருத்துவதும் நான்தான். எங்களுக்குக் காகிதம் கொடுத்த கடைக்காரரின் மனைவி அந்த நாவலை எழுதியிருந்தார். கடைக்காரர் கைப்பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "எங்க வீட்டுல இப்ப ராசாமாருக்குத்தான் மொதப் பந்திண்ணே. எனக்கு மிச்சம் இருந்தா உண்டு" என்றார்.

மாய நாட்டுக் கதை. நெருப்பு உமிழும் யாளி ஒன்று கோட்டைக்குள் கட்டிக் கிடக்கும். அதற்குத் தீனி போடுவதற்கென்றே சில குடும்பங்கள். அவர்கள் எல்லோருடைய விரல்களும் கருகியிருக்கும். சின்ன வயதிலிருந்து அரசர் கதையாகப் படித்து வளர்ந்தவன் நான். ஒரு வரியில் ஆயிரம் தலை உருளும் போர்கள் எனக்குப் பழக்கம். இந்த அம்மா பகைவர் ஊர் எரிந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டு, மறுநாள் அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்க வந்த ஒரு கிழவனின் கையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். படித்துவிட்டு அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

அரசனையும் கெட்டவனாக எழுதவில்லை. தன் குதிரைகள் ஒவ்வொன்றின் பெயரும் அவனுக்குத் தெரியும். செத்த வீரர்களுக்காக உண்மையாகவே அழுவான். யாளிக்குத் தீனி போடுகிறவள் பெயர் மட்டும் தெரியாது. இன்னொரு இடத்தில் கப்பம் வாங்க வந்த குறுநிலத் தலைவன் ஒரு வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவான். அவன் கை கழுவும்வரை வீட்டுக்காரர்கள் ஈரத் தரையில் நிற்பார்கள். நிற்கும்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எத்தனையோ கதைகளில் அந்தக் கட்டிலையும் சாப்பாட்டையும் பார்த்திருக்கிறேன். நிற்கிறவர்களை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒரே தாளில் அச்சாகி, மடிந்து, பிறகு தைக்கப்படும். கடைசி ஃபாரம் ஓடும் நேரத்தில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டிய நெருக்கடி. அந்த ஃபாரத்தை மட்டும் வேறொருவர் திருத்தினார். கடைசி அத்தியாயம் முழுவதும் அதில்தான் இருந்தது. அச்சாகி பைண்டிங்குக்கு வந்தபிறகுதான் நான் படித்தேன்.

முடிசூட்டு விழா. யாளி மூன்று முறை நெருப்பு உமிழ வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். தீனி போடுகிறவள் அன்று போடவில்லை. கோஷம் கிடையாது, கலகம் கிடையாது. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாளி கண்ணை மூடித் தூங்கிவிட்டது. அரசன் மேல்மாடத்தில் கையைத் தூக்கியபடி காத்து நிற்கிறான். கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள். பிறகு அடுப்பு வேலை இருக்கிறதென்று ஒவ்வொருவராக வீட்டுக்குப் போகிறார்கள். அரசனுக்குக் கை வலிக்கிறது. அவ்வளவுதான் கதை.

எங்கள் முதலாளிக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆபீஸும் இருந்தது; தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்தக் கோடையில் வேறொருவர் ஆபீஸில் விபத்து நடந்து ஊரே துக்கத்தில் கிடந்தது. நெருப்போடு வேலை செய்கிறவள் கையைக் கழுவிக்கொண்டு உட்காருவதைப் படித்தால், தன்னைத்தான் எழுதியிருக்கிறது என்று முதலாளி நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரசன் அப்படி நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு பக்கம் எழுதினேன். யாளி மூன்று முறை நெருப்பு உமிழ்ந்தது, பூமாரி பொழிந்தது, மக்கள் வாழ்க என்றார்கள். அதை அச்சிட்டு ஒட்டச் சொல்லிவிட்டு, அச்சான கடைசி ஃபாரத்தைக் கழிவுத் தாளோடு போட்டேன்.

புத்தகத்தைப் பார்த்த அந்த அம்மா தன் கடைசி அத்தியாயம் எங்கே என்று கேட்டார். "கடைசி ஃபாரம் மை பூசி வீணாப் போச்சும்மா. காலண்டர் ஆர்டர் ஏறிருச்சு, மறுபடி ஓட்ட மெஷின் இல்ல. கதை தொங்கக்கூடாதுன்னு நான் ரெண்டு பக்கம் சேத்தேன்" என்றேன்.

"சீசன்ல நீங்க மட்டும் என்னண்ணே செய்வீக. அடுத்த பதிப்புல போட்டுக்கிடலாம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் கழிவுத் தாள் எங்கே போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. வெடிக்குக் குழாய் சுருட்டப் போகும்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து பாதி கருகிய தாள் சுருள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்றில் 'யாளி கண்ணை' என்பது வரை இருந்தது.

"மை பூசுனதுன்னு சொன்னீகளே. எழுத்து எம்புட்டு தெளிவா இருக்கு பாருங்க. எங்க வாசல்ல கிடந்துச்சு. எம் மவன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோட கொளுத்துன வெடி."

"முதலாளி சங்கடப்படுவாரோன்னு..."

"அவுக கேட்டாகளா?"

"இல்லம்மா."

"அந்தக் கட்டில் பக்கத்துல இன்னொரு ஆளையும் நான் நிக்க வச்சிருக்கணும்" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ராசாவக் காப்பாத்திட்டீக. சந்தோசமா இருங்க" என்றார். அதன்பிறகு பல வருடம் என்னோடு பேசவில்லை. கடைக்காரர் மட்டும் எப்போதும்போலக் காகிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் வீட்டில் இருந்த கைப்பிரதி நகலை வாங்கி, அந்த அத்தியாயத்தையும் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, இதுக்கா பயந்தீக? யாளி தூங்குறது நல்லாத்தானய்யா இருக்கு!" இத்தனை வருடமும் நான் குனிந்து நின்றது அவருக்குத் தெரியவே தெரியாது.

முழு நாவலையும் மறுபடி அச்சுக்கோத்து அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பக்கங்களைப் புரட்டிவிட்டு, "உங்க முடிவு எங்க?" என்றார்.

"எடுத்துட்டேம்மா."

"எடுக்காதீக. அதுவும் இருக்கட்டும். யாரு எழுதுனதுன்னு கீழ பேரப் போடுங்க. ஏன் எழுதுனீகன்னும் போடுங்க."

அப்படியே வந்தது புத்தகம். முதலில் அவருடைய முடிவு, பின்னிணைப்பாக என்னுடையது, என் பெயரோடும் காரணத்தோடும். சில மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கூப்பிட்டு, பின்னால் இருக்கும் முடிவுதான் புல்லரிக்கிறது, அதையே வைத்திருக்கலாம் என்றாளாம்.

"அண்ணே, உங்க ராசாவுக்கு இன்னும் ஆளு சேருது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்றுதான் தோன்றியது.

அடுத்த நாவலை அவர் மதுரையில் அச்சுக்குக் கொடுத்தார். கடைக்காரர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போன வாரம் கடையில் வாங்கினேன். இதிலும் ஓர் அரசன் இருக்கிறான். படிக்கத் தொடங்குமுன் கடைசி ஃபாரத்தைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். பதினாறு பக்கமும் இருந்தன.