முகூர்த்தச் சேலையில் ஒரு நூல்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதிப்பிணைப்பு நடத்தும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். உப்பு ஏன் நொறுங்குகிறது, செம்புக் கம்பி ஏன் வளைகிறது என்று அளந்துகொண்டே போவேன். அன்றைக்குப் பட்டு.

"பட்டும் பாலியஸ்டரும் நீள மூலக்கூறுச் சங்கிலிகள்தான். பட்டுல அந்தச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால வழிநெடுகக் கைகோத்து நிக்கும். சூடு பட்டா கருகுமே தவிர உருகாது. பட்டும் நம்ம முடி மாதிரி புரதம்தான், அதனால முடி கருகுற வாடை வரும். பாலியஸ்டர்ல பிடி அவ்வளவு இறுக்கமில்ல. சங்கிலி வழுக்கி, உருகி, உருண்டையாயிரும்."

அதோடு விட்டிருக்கலாம். செய்து காட்டவென்று என் முகூர்த்தச் சேலையின் முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு போயிருந்தேன். மாமியார் காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்த சேலை என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் தொலைத்தேன்.

இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினேன். நூல் சுருண்டது, உருகியது, கடுகளவுக்குக் கறுப்பாக உருண்டு நின்றது.

"அப்ப இது பட்டு இல்லீங்களா டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சுப் பிள்ளை. கெட்டிக்காரப் பிள்ளை. அன்றைக்கு மட்டும் லீவு போட்டிருக்கலாம்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தி எங்கள் தெரு. நான் நோட்டுத் திருத்திவிட்டு, புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து வீடு சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது.

சேலை எடுத்த மாமியார், என் அத்தை, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய முகூர்த்தச் சேலை, பக்கத்தில் தீப்பெட்டி.

"எங்க மாமியா எடுத்தது. கொளுத்திப் பாரு."

"விடுங்க அத்தை. கடைக்காரன் ஒங்கள ஏமாத்திட்டான்."

"கொளுத்து, ஆத்தா."

இதுவும் உருகித் தொலையாதா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் ஒரு நூலைப் பற்றவைத்தேன். வேதியியல் வேண்டுதலுக்கெல்லாம் இரங்காது. கூடம் முழுக்க முடி கருகிய வாடை. சாம்பலைத் தொட்டேன், பொடிந்தது.

அத்தை மூக்கை உறிஞ்சினார். வாடைக்கென்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"காலமெல்லாம் அந்த மனுசிகிட்ட மல்லுக்கு நின்னேன். அது எனக்கு நல்லதாத்தான் எடுத்துருக்கு. நான் ஒனக்கு..."

பத்து வருசமாக அந்தக் காஞ்சிபுரப் பெருமையைக் கேட்டுப் பல்லைக் கடித்தவள் நான். இப்போது அதை அவரிடம் திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் தவித்தேன்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சேலையை என் மடியில் வைத்தார்.

"நாளைக்கி இதக் கட்டிட்டுப் போ. அந்தப் புள்ளைக முன்னாடி இதுல ஒரு நூல உருவிக் கொளுத்து. மாமியா குடுத்த சேலைன்னு சொல்லு."