டேப்புக்குள் இரண்டு விரல்

நிமோனியாவிலிருந்து தேறிவரும் என் அண்ணனின் மார்பில், தென்காசி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மேடம் மஞ்சள் டேப்பைச் சுற்றினார்.

“நுரையீரல் தன்னால விரியாது அண்ணாச்சி. விலா எலும்பு வாளிப் பிடி மாதிரி மேல எழும்பணும், அதுக்கு அடியில உள்ள தசை கீழ இறங்கணும். அப்பத்தான் காத்து உள்ள போகும். நல்லா இழுங்க.”

அந்த டேப்பைப் பார்த்ததும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அண்ணன் அப்போது போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காக்கியில் இருந்தார்கள். தினமும் விடியலில் குற்றாலம் வரை ஓடி, அருவியில் குளித்த ஈரத்தோடு வந்து நிற்பான். அம்மாவின் தையல் டேப்பால் அவன் மார்பை அளப்பது என் வேலை. மூச்சை இழுத்தால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். அவனுக்கு நான்குதான் வரும். கழுத்து நரம்பு புடைக்க, “ஏட்டி, எவ்வளவு காட்டுது?” என்பான். கேட்கும்போதே பாதி மூச்சு வெளியே போய்விடும்.

ஒருநாள் மனது பொறுக்காமல், அவன் மூச்சை இழுத்தபோது முதுகுப் பக்கம் டேப்புக்குள் இரண்டு விரலை நுழைத்தேன். “அஞ்சு!” என்று கத்தினேன். வீடே சிரித்தது. அதன்பின் எந்த நாளும் விரலை வைக்காமல் அளக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போலீஸ் உடல்தகுதித் தேர்வில் அவனுக்கு நான்குதான் வந்தது. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போனான். இத்தனை வருடமாக நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

“நாலுதான் வருது,” என்றார் மேடம்.

அண்ணன் என் கையைப் பார்த்தான். “டேப்ப இவகிட்ட குடுங்க மேடம். அஞ்சு வரும்.”