பின்மூலையில் கூடிய மீன்கள்

உயிரியல் துறையின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், எந்நேரமும் புழுக்கமாக இருக்கும் ஓர் அறை உண்டு. கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். உள்ளே தட்டுத் தட்டாக இருநூற்றுப் பன்னிரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக்கோடு போட்ட மீன்கள். வரிக்குதிரை மீன் என்று பெயர். அந்த அறையைப் பதினான்கு வருடமாகக் கட்டி ஆண்டுவந்தவள் மீனக்கா.

மீனக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. யாரோ ஒரு மாணவன் அவசரத்தில் "மீன்கார அக்கா" என்று கூப்பிடப்போக, அவள் முறைத்த முறைப்பில் அந்தப் பெயர் பாதியாகச் சுருங்கிவிட்டது. "நான் என்ன கூடையைத் தலையில வெச்சுக்கிட்டா வர்றேன்?" என்று கேட்டாளாம். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலைக்குத்தான் அவள் முதலில் வந்தாள். மீன் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, ஒரே ஒரு வாரம் சமாளித்துக்கொள் என்று சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

சொந்தக்காரர்களுக்கு இதையெல்லாம் விளங்கவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "உனக்கென்னம்மா, தினமும் வீட்டுக்கு ஓசி மீன்!" என்பார்கள். நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவரோ இன்னும் ஒரு படி மேலே போய், "அறுபது மீனை வறுத்தா ஒரு ஆளுக்குப் பத்தாது, பார்த்துக்குங்க" என்று எடுத்துக்கொடுப்பார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அவளுக்கு அந்த அறை வெறும் பிழைப்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பேராசிரியை மேடம் ஒருநாள் அவளை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார். அந்த மீனின் முட்டை பளிங்குபோல் இருக்கும். உள்ளே நடப்பது அத்தனையும் வெளியே தெரியும். முதல்நாள் காலையில் ஒற்றை உயிரணு. மறுநாள் முதுகெலும்பும் இரண்டு கண்களும். அதற்கும் மறுநாள் கடுகில் கால்வாசிகூட இல்லாத ஓர் இதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒன்றுமில்லாததிலிருந்து ஓர் உயிர் எப்படி உருவாகிறது என்பதுதான் அந்தத் துறையில் எல்லோருக்கும் ஆராய்ச்சி. அந்த இதயம் அடித்ததைப் பார்த்த அன்று மத்தியானம் மீனக்கா ஒரு குடுவைகூடக் கழுவவில்லை. சந்தோஷத்தில் கை ஓடவில்லை.

இப்போது தாடிக்கு வருவோம். தாடி ஆறாம் வருட ஆராய்ச்சி மாணவன். தான் தேடும் மரபணுவைக் கண்டுபிடிக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று ஏதோ ஓர் உற்சாகத்தில் சொல்லிவிட்டு, அதன் பலனைத் தாடையில் சுமந்துகொண்டு திரிந்தான். அவனுடைய மொத்த ஆராய்ச்சியும் நாற்பத்தேழாம் தொட்டியில் இருந்த பதினோரு மீன்கள்தான். பார்த்தால் அவற்றுக்கும் மற்ற மீன்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. நன்றாக நீந்தும், நன்றாகத் தின்னும். ஆனால் அவற்றில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையிட்டால், நாலில் ஒரு குஞ்சுக்கு இதயம் உருவாகும், துடிக்காது. அந்தக் குஞ்சும் சில நாள் வாலை ஆட்டிக்கொண்டு உயிரோடிருக்கும், பிறகு போய்விடும். ஏன் துடிக்கவில்லை, கோளாறு எந்த மரபணுவில் என்பதுதான் அவன் கேள்வி. அது தெரியாதவரை எந்தச் சோதனைக்குழாயை வைத்தும் அந்த மீன்களை அடையாளம் காண முடியாது. ஜோடி சேர்த்து, முட்டை எடுத்து, குஞ்சுகளைப் பார்த்தால்தான் உண்டு.

மேல்தட்டில், நாற்பத்தாறாம் தொட்டியில், அந்தப் பதினொன்றின் கூடப்பிறந்தவை முப்பது. கோளாறு இல்லாதவை. அந்த முப்பதையும் இந்தப் பதினொன்றையும் பிரித்தெடுக்கத் தாடிக்கு நாலு மாதம் பிடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொட்டி கழுவும் நாள். மீனக்கா பதினோரு மீனையும் வலையால் அள்ளிச் சின்னப் பெட்டியில் விட்டுவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைபேசி அடித்தது. நாத்தனார். மீன் அறைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை என்று கதவில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. எழுதி ஒட்டியவளே மீனக்காதான். ஆனால் நாத்தனாரின் அழைப்பை எடுக்காவிட்டால் அதற்குத் தனியாக ஒரு வாரம் பதில் சொல்ல வேண்டும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கப் போறேன். பச்சையா, நீலமா?"

"நீலம்."

"நீலம்னா ரூம் இருட்டா தெரியாது?"

"அப்ப பச்சை."

"பச்சை இவருக்குப் பிடிக்காதே அண்ணி."

இப்படி இருபது நிமிடம். "ம்ம்... ம்ம்..." என்று சொல்லிக்கொண்டே மீனக்கா பெட்டியை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கழுவிய நாற்பத்தேழாம் தொட்டி காலியாக இருந்தது. கையில் இருந்த பெட்டியும் காலி. மேல்தட்டுத் தொட்டியில் மட்டும் கூட்டம் நெரிந்தது.

எண்ணினாள். நாற்பத்தொன்று. 

அதற்கப்புறம் அவள் செய்த காரியத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. வலையை எடுத்து, கைக்கு அகப்பட்டதில் ஆண் ஆறு, பெண் ஐந்து என்று பதினொன்றைப் பிடித்து நாற்பத்தேழில் விட்டு மூடியைப் போட்டுவிட்டாள். தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதே கணக்கு. யாருக்கும் தெரியப்போவதில்லை. சாயங்காலத் தீனியை அந்த இரண்டு தொட்டிகளின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளை அரித்தது. தாடி அந்த மீன்களை ஜோடி சேர்ப்பான். எல்லாக் குஞ்சுக்கும் இதயம் துடிக்கும். உடனே அவன் அவளைச் சந்தேகப்பட மாட்டான், தன்னையே சந்தேகப்படுவான். அவன் சுபாவம் அப்படி. ஆறு வருடமாகக் கண்டதெல்லாம் பொய்யோ, எண்ணும்போது தப்பாக எண்ணிவிட்டோமோ என்று உட்கார்ந்துவிடுவான்.

"என்ன, இன்னைக்கு ஏதாவது மீன் உன்னை முறைச்சுதா?" என்றார் கணவர்.

"நீங்க பேசாம சாப்பிடுங்க."

"அம்மா, டீயில ரெண்டு தடவை சர்க்கரை போட்டுட்ட" என்றாள் மகள். மீனக்கா அந்த டீயை மறுபேச்சில்லாமல் குடித்து முடித்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. தீனிப் புட்டியைக் கலக்கிக்கொண்டு தட்டு தட்டாக வந்தாள். அந்த அறையில் எல்லாத் தொட்டிக்கும் மூடியின் முன்பக்கம் ஓர் ஓட்டை உண்டு. புட்டியின் மூக்கை அதில் நுழைத்துப் பீய்ச்ச வேண்டும். அவள் கை உயர்ந்ததும் மீன்கள் எல்லாம் முன்பக்கம் ஓடிவந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நாற்பத்தேழு மட்டும் விதிவிலக்கு. அதன் மூடி இரண்டு வருடத்துக்கு முன் உடைந்தது. புது மூடி கேட்டால் பண்டகசாலைக்காரர், "வரும், வரும்" என்பார். அதுவரைக்கும் என்று போட்ட பழைய மூடியில் ஓட்டை பின்பக்கம். அதனால் அந்தப் பதினொன்றும் அவள் கையைக் கண்டால் பின்மூலைக்கு ஓடும்.

இன்றைக்கு அவள் கையைத் தூக்கினாள். பின்மூலைக்கு மூன்று மீன்கள் ஓடின. மற்ற எட்டும் முன்பக்கம் வந்து, இல்லாத ஓட்டையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுகணம் விஷயம் புரிந்தது: பின்னால் ஓடிய மூன்றும் பழைய நாற்பத்தேழு. மேல்தட்டைப் பார்த்தாள். நாற்பத்தாறில் இருபத்தொரு மீன்கள் முன்னால் முட்டி மோதிக்கொண்டிருக்க, ஒன்பது மட்டும் பின்மூலையில் அப்பாவியாகக் காத்துக்கொண்டிருந்தன. கையை இறக்கினாள், தூக்கினாள். மறுபடியும் அதே ஒன்பது. இன்னும் இரண்டு வேளை தீனி போட்டிருந்தால் எல்லாம் புது இடத்துக்குப் பழகியிருக்கும். அப்புறம் அந்தக் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

வலையை எடுத்து, கையைத் தூக்கித் தூக்கி, பின்மூலைக்குப் போனதை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தனித் தொட்டியில் விட்டாள், மிச்சத்தையெல்லாம் நாற்பத்தாறில் சேர்த்தாள். மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு.

பதினொன்று வந்திருந்தால் அவள் வாயைத் திறந்திருப்பாளா என்பதை அவளாலேயே இன்றுவரை சொல்ல முடியவில்லை. சத்தமில்லாமல் நாற்பத்தேழில் விட்டிருக்கலாம். ஆனால் பன்னிரண்டில் எதை விலக்குவது? தப்பானது ஒன்று உள்ளே இருந்தாலும் அவன் கணக்கு கெட்டுப்போகும். கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

"தம்பி, கொஞ்சம் கீழ வாங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

தாடி கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். திரைச்சீலை உட்பட ஒன்றையும் அவள் விடவில்லை.

"நேத்தே ஏன் சொல்லலை?"

"பயம் தம்பி. வேற ஒண்ணுமில்லை."

அவன் எழுந்து வெளியே போனான். நடையில் பத்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "கையைத் தூக்குங்க, பார்க்கலாம்" என்றான்.

தூக்கினாள். பன்னிரண்டும் பின்மூலைக்குப் போயின. அவன் தன் கையைத் தூக்கினான். ஒரு மீனும் அசையவில்லை.

"எனக்கு வர மாட்டேங்குதே!"

"நீங்க என்னைக்காவது சோறு போட்டிருந்தாத்தானே?" என்று அவளையும் மீறி வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேடத்திடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மேடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "பன்னெண்டையும் இன்னைக்கே ஜோடி போடுங்க. அக்கா, அந்த அறைச் சாவியைப் பத்திச் சனிக்கிழமை பேசுவோம்" என்றார். அவ்வளவுதான். மீனக்காவுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஆறு பெட்டிகள், ஆறு ஜோடிகள், நடுவில் ஒரு தடுப்பு. வியாழக்கிழமை காலை விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தார்கள். ஐந்து ஜோடி முட்டையிட்டது. ஆறாவது ஜோடி ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. "வீட்டுக்கு வீடு இதேதான்" என்றாள் மீனக்கா. தாடி அப்போதும் சிரிக்கவில்லை.

இதயம் நன்றாகத் தெரிய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் மீனக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முட்டைத் தட்டுகளைக் காவல் காத்தாள். போன் அலமாரிக்குள் கிடந்தது. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதல்முறையாக மீனைப் பற்றி ஜோக் அடிக்கவில்லை. "சாவியை வாங்கிட்டா மறுபடி குடுவை கழுவப் போவியா?" என்று மட்டும் கேட்டார். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை. மேடமும் வந்து பக்கத்தில் நிற்க, தாடி முதல் தட்டை நுண்ணோக்கியில் வைத்தான். "துடிக்குது. இதுவும் துடிக்குது. துடிக்குது." தட்டு முழுக்கத் துடித்தது. உலகத்தில் வேறு எங்கேயும் அது நல்ல செய்திதான். அந்த அறையில் மட்டும் இல்லை. மீனக்கா இடுப்பில் செருகியிருந்த சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

இரண்டாவது தட்டு. தாடி பார்த்தான். முக்காலியிலிருந்து எழுந்து, "அக்கா, நீங்க பாருங்க" என்றான்.

பார்த்தாள். ஒரு குஞ்சின் இதயம் படபடத்தது. பக்கத்துக் குஞ்சு வாலை வெடுக்கென்று ஆட்டியது. கண் இருந்தது, முதுகு இருந்தது, மார்பில் மட்டும் அசைவே இல்லை. அதற்கடுத்து இன்னொன்று. விரல் விட்டு எண்ணினாள். எண்பத்தெட்டில் இருபத்தொன்று.

"நின்னிருக்கு தம்பி! நின்னிருக்கு!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தாடி தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மீனக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்து பார்த்தபோது, அந்தப் பொடிசு இன்னொரு முறை வாலை ஆட்டியது. "அடப் பாவமே, உன்னைப் பார்த்துத்தான் இவ்வளவு சந்தோஷமா எனக்கு?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐந்தில் நாலு தட்டு அப்படி. அடுத்த வாரம் மறுபடி ஜோடி மாற்றிப் பார்த்ததில், பன்னிரண்டில் பத்து தாடியின் மீன்கள் என்று உறுதியானது. மிச்சம் ஒன்று இன்னும் நாற்பத்தாறில்தான் இருக்கிறது. அது தீனி எங்கே விழுந்தாலும் அங்கே ஓடும் ரகம் என்பது மீனக்காவின் கட்சி.

அந்தச் சனிக்கிழமையே மேடம் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து தாடியைக் கேட்டார்: "இந்த மீன்களை எப்படிப் பிரிச்சோம்னு ஆய்வேட்டுல எழுதணுமே. என்ன எழுதுவே?"

"தீனி போடும் கையைக் கண்டதும் மீன்கள் எந்தப் பக்கம் போச்சுங்கிறதை வெச்சுப் பிரிச்சோம்னு எழுதறேன் மேடம்."

"நீ தூக்கினா ஒரு மீனும் வரலைன்னியே. அப்ப யார் கைனு போடுவே?"

தாடி மீனக்காவைப் பார்த்தான். "அக்கா கைனு போடறேன்."

மேடம் மேசைமேல் இருந்த சாவியை எடுத்தார். ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மீனக்காவிடம் நீட்டினார்.

"மணி ஒன்பதரை ஆச்சு. போங்க, அதுங்களுக்குப் பசிக்கும்."