பாலத்தில் தொங்கிய பெண்

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. தம்பியும் நானும் ஒரு கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். உடைந்த பாலத்தில் எங்களைப் போலவே ஓர் அக்காவும் தம்பியும் தொங்குகிறார்கள். ஒருவரைத்தான் தூக்கிவிட முடியும். திரையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது.

சப்பாத்தி மாவுக் கையோடு எட்டிப்பார்த்த அம்மாவிடம், "யாரைம்மா காப்பாத்தணும்? ஜல்தி சொல்லு!" என்று கத்தினேன்.

"பையனைத் தூக்கு. பொண்ணு அவளே ஏறி வந்துடுவா."

தம்பி பட்டனைத் தட்டினான். பையன் மேலே வந்தான். பெண் ஆற்றில் விழுந்தாள்.

"ஐயோ, அவளே ஏறிடுவான்னு நினைச்சேனே!" அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் நம்பிக்கை வீண்போகவில்லை. எங்கே சறுக்கினாலும் நானே ஏறி வந்துவிடுகிறேன். கை கொடுங்கள் என்று கேட்கத்தான் இன்றுவரை வாய் வருவதில்லை.